ரெய்டு சொல்ல ஓர் ஆள்

செங்கமலம் துறையூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பொன்மலைக்கு வந்ததே ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான். வந்து அரை மணி நேரமாகியும் அதைக் கேட்க வாய் வரவில்லை.

அருளப்பன் மாஸ்டர் கபடிக் களத்தில் மேட் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. பொன்மலையில் ஒரு கிளப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார். செங்கமலம் கல்லூரியில் படித்தபோது அவளை ரெய்டர் ஆக்கியவர் அவர்தான். எதிரணியின் களத்துக்குள் தனியாகப் பாடிப் போக வேண்டும். யாரையாவது தொட வேண்டும். மூச்சு அறுபடுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த வேலையில் ஒரு காலத்தில் திருச்சி வட்டாரத்தில் அவளுக்கு ஈடு கிடையாது.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. துறையூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். அங்கே கபடி அணியின் பயிற்சியாளரும் அவள்தான்.

"அந்த முனையைக் கொஞ்சம் பிடி," என்றார் மாஸ்டர்.

பிடித்தாள். பிடித்தபடியே சொல்லத் தொடங்கினாள்.

பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டு வருடமாக இறுதியாட்டம் வரை வந்து தோற்றிருந்தார்கள். இரண்டு முறையும் கடைசி ரெய்டில்தான் கை நழுவியது. யார் போவது, எந்தப் பக்கம் போவது, யாரைத் தொடுவது என்று ஒவ்வொரு ரெய்டையும் வெளிக்கோட்டில் நின்று சொல்வது செங்கமலம். தடுப்பவர்களைப் பழக்குவதும் அவளே. ஒரே ஆள் இரண்டையும் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று கல்லூரிச் செயலர் முத்தரசப்பன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தடுப்பை அவள் பார்த்துக்கொள்ளட்டும், ரெய்டு சொல்லத் தனியாக ஒருவரைப் போடலாம் என்றார். இந்த வருடமும் கோப்பை வராவிட்டால் அவளுடைய இடத்துக்கே வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள்.

"யாரை எடுக்கறது மாஸ்டர்?"

அவர் தாள்களை வாங்கிக்கொள்ளவில்லை.

"போன வருஷம் கடைசி ரெய்டுக்கு யாரை அனுப்பினே?"

"சுகிர்தாவை."

"இப்ப எப்படி இருக்கா?"

"நடக்கறா. மெதுவா ஓடறா. இன்னும் ஆட விடல."

அன்று நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னாள். அந்த இறுதியாட்டத்தில் ஒரு பிடியை உதறிக்கொண்டு எழுந்த சுகிர்தா, இடது காலை ஊன்ற ஒரு கணம் தயங்கினாள். செங்கமலம் அதைப் பார்த்தாள். முடியுமா என்றும் கேட்டாள். "ஒண்ணுமில்ல மேம்" என்றாள் சுகிர்தா. அனுப்பிவிட்டாள். நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டுதான் வைத்திருப்பாள், முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, அந்தப் பெண் மாடிப்படி ஏறவே மூன்று மாதமாயிற்று.

மாஸ்டர் கடைசித் துண்டைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இன்டர்வியூ எங்க?"

"சனிக்கிழமை. பிரின்சிபால் ரூம்ல."

"களத்துல வை. நானும் வர்றேன்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் கல்லூரியின் கபடிக் கொட்டகையில் இருந்தார்கள்.

வெற்றிச்செல்வன் சென்னையிலிருந்து வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். பேசும்போதுகூடக் கையிலிருந்த டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த அணி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களின் வீடியோவை வாங்கிப் பார்த்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னான். காஞ்சனமாலா ஒட்டன்சத்திரத்துக்காரி, மாநில அணிக்கு ஆறு வருடம் ரெய்டு போனவள். அவள் உள்ளே வந்ததுமே மாணவிகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு படமெடுக்க ஓடினார்கள். மூன்றாவதாக வந்த உமையாள் முசிறிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். அவளுடைய பள்ளி அணி மாவட்ட அளவைத் தாண்டியதில்லை. அதை அவளே விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள்.

மாஸ்டர் விதியைச் சொன்னார். எதிரே கல்லூரியின் தடுப்புப் பெண்கள் ஏழு பேரும் நிற்பார்கள். ஆளுக்கு மூன்று ரெய்டு. தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி. பிடிபட்டாலும் வெறுங்கையோடு வந்தாலும் ஒன்றுமில்லை. ரெய்டு சொல்ல வேண்டியது வந்தவர்கள்.

"போறது யாரு?" என்று கேட்டாள் காஞ்சனமாலா.

"செங்கமலம்."

 பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெய்டர் பெண்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

செங்கமலம் மாஸ்டரைத் தனியாக அழைத்துப் போனாள். அவள் முகம் சிவந்துவிட்டது. களத்தில் இறங்கிப் பதினேழு வருடமாகிறது, இது தன்னிடம் படிக்கிற பிள்ளைகள், நாளைக்கு இவர்கள் முன்னால் விசிலோடு நிற்க வேண்டியவள் தான் என்றெல்லாம் சொன்னாள். பரீட்சை அவர்களுக்கா தனக்கா என்று கடைசியாகக் கேட்டாள்.

"யாரை எடுக்கறதுன்னு கேட்டது யாரு?" என்றார் மாஸ்டர்.

அவள் ஷூவை இறுக்கிக் கட்டினாள்.

முதலில் வெற்றிச்செல்வன். நடுக்கோட்டருகே வந்து தணிந்த குரலில் சொன்னான்.

"வலது ஓரத்துல நிக்கறது கோபிகா. பத்து செகண்ட் வரைக்கும் அசைய மாட்டாங்க. அப்புறம் ஒரு அடி முன்னால வருவாங்க மேடம். எல்லா மேட்ச்லயும் இதேதான். அந்த அடி வந்ததும் காலை நீட்டுங்க."

கோபிகாவை மூன்று வருடமாகப் பழக்குகிறவள் செங்கமலம். அப்படி ஒரு பழக்கம் இருப்பது அவளுக்கே தெரியாது. நம்பிக்கையில்லாமல்தான் போனாள். "கபடி கபடி" என்று அவள் வாயிலிருந்து வந்த குரல் யாருடையதோ போல இருந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். பத்தாவது எண்ணிக்கையில் கோபிகா ஓரடி முன்னால் வந்தாள். செங்கமலத்தின் கால் தன்னால் நீண்டது. தொட்டுவிட்டுத் திரும்பினாள். பெஞ்சில் கைதட்டல்.

இரண்டாவதும் அவன் சொன்னபடியே நடந்தது. மூன்றாவதில் அவள் உள்ளே இருக்கும்போதே, ஏதோ புதிதாகக் கண்டுகொண்டவனாக, "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தினான். அவள் திரும்பினாள். நாலு பேர் ஒரே நேரத்தில் மேலே விழுந்தார்கள். பயிற்சியாளரைப் பிடிக்கிறோமே என்று அந்தக் கைகள் ஒரு நொடி தளர்ந்து மறுபடியும் இறுகியதை அவள் உணர்ந்தாள். தான் சொல்லிக்கொடுத்த பிடிதான். அசைய முடியவில்லை. மூச்சு அறுந்தது.

இரண்டு புள்ளி. ஸ்கோர் புத்தகத்தில் சுகிர்தா குறித்துக்கொண்டாள். ஆட முடியாத இத்தனை மாதமாக அந்தப் புத்தகம்தான் அவள் வேலை.

அடுத்தது காஞ்சனமாலா. அவள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. செங்கமலத்தின் தோளைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டால் ஏழு பேர் என்று நினைக்கக் கூடாது, ஒருத்திதான், மற்ற ஆறு பேரும் நிழல் என்றாள். கை கோத்து நிற்பவர்களுக்குக் கீழே குனிந்து வழுக்கி வெளியேறுவது எப்படி என்று தானே செய்து காட்டினாள். முப்பத்தாறு வயதிலும் அந்த உடம்பு தண்ணீரைப் போலப் போய் வந்தது.

செங்கமலத்தின் உடம்பு போகவில்லை. முதல் ரெய்டில் குனிந்தவளை அப்படியே அமுக்கிவிட்டார்கள். இரண்டாவதில், வெட்கமும் கோபமும் சேர்ந்து உந்த, நேராக நடுவில் நின்ற பெண்ணின் தோளை அறைந்துவிட்டு ஓடி வந்தாள். அந்த ஒரு புள்ளிக்கு வெளியிலிருந்த காஞ்சனமாலா குதித்த குதியைப் பார்த்துப் பெஞ்சே எழுந்துவிட்டது. மூன்றாவதில் இரண்டு பேர் இடுப்பைக் கட்ட, இடது பக்கமாகச் சரிந்தாள். முழங்காலுக்குள் ஊசி ஏறினாற்போல ஒரு வலி.

எழுந்து நிற்கக் கை கொடுத்த காஞ்சனமாலா காதருகே சொன்னாள்: "வலது கால்ல நில்லுங்க மேடம். யாருக்கும் தெரியாது."

செங்கமலம் அவள் சொன்னபடியே நின்றாள்.

உமையாள் நடுக்கோட்டுக்கு வந்ததும் முதலில் எதிரே நின்ற ஏழு பெண்களின் பெயரையும் கேட்டுக்கொண்டாள். பிறகு செங்கமலத்திடம், மூச்சு எத்தனை செகண்ட் நிற்கிறது என்று கேட்டாள். பதினெட்டு, இருபது இருக்கும் என்றாள் செங்கமலம். அப்படியானால் பதினைந்தில் திரும்பிவிட வேண்டும், தொட்டாலும் தொடாவிட்டாலும், என்றாள் உமையாள்.

முதல் ரெய்டில் பதினைந்துக்குள் யாரும் சிக்கவில்லை. வெறுங்கையோடு வந்தாள். இரண்டாவதில் இடது ஓரத்துப் பெண்ணின் விரல் நுனி பட்டது. ஒரு புள்ளி.

மூன்றாவது ரெய்டுக்குச் செங்கமலம் கோட்டருகே போய் நின்றாள். ஏன் இன்னும் சொல்லவில்லை என்று திரும்பிப் பார்த்தாள். உமையாள் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காருங்க மேடம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"இடது முழங்கால்."

"ஒண்ணுமில்ல," என்றாள் செங்கமலம்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. ஸ்கோர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த சுகிர்தா தலையைத் தூக்கினாள். இருவர் கண்ணும் சந்தித்தன.  சுகிர்தாவின் பேனா தாளிலேயே நின்றது.

செங்கமலம் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். அவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"ரெய்டு சொல்றது அவங்க," என்றார்.

அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் மாணவிகளுக்கு நடுவில். உமையாள் பெஞ்சை ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அபிதாவைக் கூப்பிட்டாள். இரண்டாம் வருடப் பெண். பெரிய ஆட்டம் எதிலும் இறங்கியதில்லை. அவள் போனாள், எட்டாவது நொடியில் கணுக்காலில் பிடிபட்டாள், அழுகை முட்ட வந்து நின்றாள். உமையாள் அவளிடம் ஏதோ கேட்டாள். அவள் எதிர்க்களத்தைக் கை காட்டி ஏதோ சொன்னாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள், இன்டர்வியூ என்பதே மறந்துபோனவர்களாக.

மூவரும் கிளம்பிப் போன பிறகு முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு செங்கமலம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள்.

"வெற்றிச்செல்வன் ரெண்டு பாயிண்ட் எடுத்தார்," என்றாள்.

"ஆமா."

"கோபிகாகிட்ட அவர் பார்த்ததை நான் மூணு வருஷமா பார்க்கல."

"ஆமா."

"உமையாள் ஒரு பாயிண்ட்தான். அதுக்கு மேல அபிதாவைப் பிடி கொடுத்தாங்க."

 அவள் ஐஸ் பொட்டலத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"ஆனா முழங்காலைப் பார்த்தாங்க."

"காஞ்சனமாலா பார்க்கலயா?"

காஞ்சனமாலாவும் பார்த்தாள் என்று செங்கமலம் ஒப்புக்கொண்டாள்.

"அந்தத் தம்பியும் பார்த்தார். மேடம் இடது காலை ஊனல, கடைசியா வந்தவங்களுக்கு அதனால பாயிண்ட் குறைஞ்சிருக்கும், கணக்குல சேர்த்துக்கங்கன்னு போறப்ப எங்கிட்ட சொன்னார். நேர்மையான பிள்ளை."

"அப்போ மூணு பேரும் பார்த்திருக்காங்க."

"பார்க்கறது பெரிய வித்தை இல்ல. போன வருஷம் நீயும்தான் பார்த்தே."

 திங்கட்கிழமை உமையாளுக்கு வேலை ஆர்டர் போயிற்று.

எடுத்தது சுலபமாக இருந்தது. வைத்துக்கொள்வது அப்படி இருக்கவில்லை.

உமையாள் ரெய்டர்களோடு தனியாகப் பேசினாள். அவர்களிடம் நிறையக் கேட்டாள், குறைவாகச் சொன்னாள். பயிற்சி ஆட்டங்களில் அவள் காட்டும் சைகை ஒன்றாகவும், செங்கமலத்தின் மனதில் ஓடுவது வேறாகவும் இருந்தது. வெளிக்கோட்டில் இவளால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. இத்தனை வருடப் பழக்கம். முதலில் முணுமுணுத்தாள். பிறகு சொன்னாள். பிறகு கத்தினாள்.

லீக் சுற்றில் பெரம்பலூர் அணியோடு ஆடும்போது அது முற்றிவிட்டது. உமையாள் வலது பக்கம் காட்டினாள். அதே நேரத்தில் செங்கமலம் இடது என்று குரல் கொடுத்தாள். நடுக்கோட்டில் நின்ற அபிதா ஒருத்தியைப் பார்த்தாள், மற்றவளைப் பார்த்தாள். ஐந்து நொடிக்குள் கிளம்பாவிட்டால் முறை போய்விடும். நடுவர் விசில் ஊதினார். அந்த முறை போயிற்று. பின்னாலேயே ஆட்டமும் போயிற்று.

அன்றே செங்கமலம் மாஸ்டருக்குப் போன் செய்தாள். தவறான ஆளை எடுத்துவிட்டேன் என்றாள். உமையாள் தன் பேச்சைக் கேட்பதில்லை, இடது பக்கம் திறந்து கிடந்தது, எத்தனை முறை சொல்லியும் வலது பக்கமே காட்டினாள் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"வலது பக்கமும் திறந்திருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இருந்துச்சு."

"அப்ப ரெண்டு பேரும் சொன்னது சரிதான்."

"சரின்னா எப்படித் தோத்தோம் மாஸ்டர்?"

"கோட்டுல நின்னவ ஒருத்திதானே."



அதற்குப் பிறகு ஆட்டங்களில் செங்கமலம் தடுப்புப் பெண்களிடம் மட்டும் பேசினாள். தன் அணி ரெய்டு போகும்போதெல்லாம் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் எத்தனையோ முறை வேறு பெயரைச் சொன்னாள். சில முறை அவள் நினைத்தது சரியாக இருந்திருக்கும். சில முறை உமையாள் சொன்னது சரியாயிற்று. எப்படியோ அணி மூன்றாவது முறையாக இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது.

இறுதியாட்டம் திருச்சியில். எதிரே கரூர் அணி. கேலரியில் கல்லூரிப் பெண்கள் நாலு பஸ் நிறைய வந்திருந்தார்கள். முன்வரிசையில் செயலர் முத்தரசப்பன். அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி அருளப்பன் மாஸ்டர்.

பத்து நாளுக்கு முன்னால்தான் சுகிர்தா ஆடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாம் பாதியில் உமையாள் அவளை இறக்கினாள். நாலு ரெய்டு போனாள். முதல் மூன்றில் இரண்டு புள்ளி எடுத்தாள். ஒவ்வொரு முறை அவள் கோட்டைத் தாண்டியபோதும் செங்கமலத்தின் கண் அந்த இடது காலைவிட்டு நகரவில்லை. அது உறுதியாக இருந்தது. இந்த முறை அதில் தயக்கமே இல்லை.

முப்பத்தொன்றுக்கு முப்பது. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு ரெய்டுக்குத்தான் நேரம். ஒருத்தியைத் தொட்டால் சமம். இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை.

கேலரி முழுக்க ஒரே பெயர்தான். "சுகிர்தா, சுகிர்தா." சுகிர்தா கோட்டருகே போய் நின்றுவிட்டாள்.

உமையாள் அபிதாவைக் காட்டினாள்.

செங்கமலம் எழுந்துவிட்டாள். சுகிர்தாவின் பெயர் வாய் வரை வந்துவிட்டது. உமையாள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"கடைசியா போனப்ப ரெண்டு ஓரமும் மூடிட்டாங்க மேடம். சுகிர்தான்னா அப்படித்தான் மூடுவாங்க. அபிதாவுக்கு மூட மாட்டாங்க."

"அவ ஒரு வருஷமா இந்த ரெய்டுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"தெரியும் மேடம்."

நடுவர் கையைத் தூக்கிவிட்டார். செங்கமலத்தின் அனுபவம் முழுக்கச் சுகிர்தா என்றது. சொன்னால் போதும். பெண்கள் இவள் குரலுக்குப் பழகியவர்கள். உமையாள் தடுக்கவும் மாட்டாள். முன்வரிசையில் செயலர் எழுந்து நிற்பது கண்ணோரத்தில் தெரிந்தது.

அவள் உட்கார்ந்தாள்.

அபிதா போனாள். கரூர்ப் பெண்கள் நிஜமாகவே ஓரங்களை மூடவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி. இருபதாவது நொடியில் வலது ஓரத்தில் கால் நீட்டினாள். தொட்டுவிட்டாள். கால் பட்ட கையே திரும்பி அவள் பாதத்தைப் பிடித்தது. விழுந்தாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். அபிதா இருவரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தாள். கை நீண்டது. விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அங்கேயே மூச்சு முடிந்தது.

வெளிப்படிக்கட்டில் அணி கூடி நின்றது. அபிதாவின் தோளைச் சுகிர்தா அணைத்திருந்தாள். சுகிர்தாவின் முகத்தில் அழுகை இல்லை, எதுவுமே இல்லை. அதைப் பார்க்கத்தான் செங்கமலத்தால் முடியவில்லை.

செயலர் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. எல்லோரும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டார்.

"கடைசியில அந்தப் பொண்ணை அனுப்பச் சொன்னது யாரு?"

உமையாள் ஓரடி முன்னால் வந்தாள். "சார், அது..."

"நான்தான் சார்," என்றாள் செங்கமலம்.

"ரெய்டு சொல்லத் தனியா ஒரு ஆளைப் போட்டோமே."

"போட்டோம். கடைசி ரெய்டு என் முடிவு."

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தன் அறைக்கு வரும்படி செங்கமலத்திடம் சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போனார்.

 ஏன் மேடம் என்று உமையாள் கேட்கத் தொடங்கியதும், பஸ்ஸில் தண்ணீர் இருக்கிறதா பார்த்து அபிதாவுக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டாள் செங்கமலம். மற்ற பெண்களும் பின்னாலேயே போனார்கள். படிக்கட்டு காலியாயிற்று.  செங்கமலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டர் வந்து இரண்டு படி கீழே நின்றார்.

"கடைசி ரெய்டு யார் சொன்னது?"

"நான்தான்."

அவர் கேலரியில் இருந்தவர். உமையாள் கை நீட்டியதைப் பார்த்தவர். அது அவளுக்கும் தெரியும். 

"உன் மனசுல யாரு இருந்தா?"

"சுகிர்தா."

பஸ்ஸிலிருந்து ஹார்ன் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"திங்கட்கிழமை எனக்கு இந்த வேலை இருக்குமான்னு தெரியல மாஸ்டர். யாரை எடுக்கறதுன்னு உங்ககிட்டதான் கேட்டேன். நீங்க சொன்னபடி களத்துல இறங்கினேன், பிள்ளைங்க முன்னால விழுந்தேன், பார்த்துப் பார்த்துதான் எடுத்தேன். எங்க தப்பு பண்ணினேன்?"

"அன்னைக்கு நீ ஆர்டர்தான் கொடுத்தே," என்றார் அருளப்பன் மாஸ்டர். "ஆளை இன்னைக்குத்தான் எடுத்திருக்கே."